சலுகையும் படிக்கட்டும்

கட்டணச் சலுகையை விழுக்காட்டை வைத்து எடைபோடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். கால் பங்கு குறைத்தார்களா, பாதியா, முழுவதுமா என்று கேட்டுவிட்டு, வரும் பதிலுக்கேற்ப அரசைப் பாராட்டுகிறோம், அல்லது திட்டுகிறோம். இந்த அளவுகோல் போதாது. சலுகை எந்தத் தகுதியின் பேரில் கிடைக்கிறது, எந்தப் பயணத்தில் செல்லுபடியாகும், நினைத்த மாத்திரத்தில் அதை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, ஏறவே முடியாத வண்டியில் அதற்கு என்ன மதிப்பு ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டாக வேண்டும். சித்தூர், திருப்பதி மாவட்டங்கள் இந்தச் சோதனைக்குத் தோதான களம். ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகமான ஆர்டிசி, எல்லை தாண்டி வரும் தமிழகப் பேருந்து, ரயில்வே, திருமலை தேவஸ்தானம் என்று ஒவ்வோர் அமைப்பும் ஒரே முதியவரைத் தனித்தனிக் கணக்கில் எழுதி வைத்திருக்கும் நிலம் இது.

முதலில் ஆர்டிசியின் மூத்த குடிமக்கள் சலுகை. அறுபது வயது நிரம்பியவருக்குக் கட்டணத்தில் 25 விழுக்காடு தள்ளுபடி. ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம் என வயதைக் காட்டும் அட்டை ஏதேனும் ஒன்று போதும். அந்த அட்டை எந்த மாநிலத்தில் வழங்கப்பட்டது என்று நடத்துனர் பார்க்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்திலிருந்து காணிப்பாக்கம் வருகிறவருக்கும் புத்தூரிலிருந்து காளஹஸ்தி போகிறவருக்கும் ஒரே விதி. முதுமைக்குக் குடியிருப்புச் சான்று கேட்கக்கூடாது என்ற தெளிவு இந்த ஒரு விதியில் இருக்கிறது. இந்தியப் போக்குவரத்துக் கழகங்களில் இது சாதாரணமாகக் கிடைப்பதில்லை. சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2016 பிப்ரவரியில் தொடங்கிய முதியோர் டோக்கன் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதத்துக்குப் பத்து டோக்கன், முழு இலவசம். தொகையில் தாராளம்தான். ஆனால் சென்னைவாசியாக இருக்க வேண்டும், பணிமனைக்கோ பேருந்து நிலையத்துக்கோ நேரில் போய் வாங்க வேண்டும், பதினோராவது பயணத்துக்கு முழுக் கட்டணம் தர வேண்டும். சென்னையினுடையது பெரிய தொகையைச் சிறிய வேலிக்குள் வைத்த திட்டம். ஆர்டிசியினுடையது சிறிய தொகையை வேலியே இல்லாமல் விட்ட திட்டம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கருத்தாக்கத்தின் செம்மைக்காக ஆர்டிசியின் பக்கமே சாய்வேன்.

அந்தச் செம்மை பணமாக மாறும்போது மெலிந்துவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நூறு ரூபாய்ச் சீட்டில் இருபத்தைந்து ரூபாய் மிச்சம். இருபது ரூபாய்ச் சீட்டில் ஐந்து. மாதம் 4,000 ரூபாய் முதியோர் ஓய்வூதியத்தில் வாழ்கிறவருக்கு முன்னது ஒரு வேளைச் சாப்பாடு, பின்னது ஒரு டீக்குக்கூடக் காணாது. விழுக்காட்டுச் சலுகை நெடுந்தூரப் பயணிக்கே அதிகம் உதவும். முதியவர்களின் அன்றாடப் பயணமோ மண்டலத் தலைமையிடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் போய்வரும் குறுந்தூரம். உறுதிப்பாட்டிலும் குறை உண்டு. கொரோனாவை ஒட்டி நிறுத்தப்பட்ட இந்தச் சலுகை 2022 ஏப்ரலில்தான் திரும்பி வந்தது. அதே மாதத்தில் டீசல் செஸ் என்ற பெயரில் பல்லெவெலுகு என்ற கிராமப்புறப் பேருந்தில் 2 ரூபாயும் எக்ஸ்பிரஸில் 5 ரூபாயும் கட்டணத்தில் ஏறின. வலக்கை கொடுத்ததில் ஒரு பங்கை இடக்கை எடுத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையாகாது.

2025 ஆகஸ்ட் 15 அன்று ஸ்த்ரீ சக்தி திட்டம் தொடங்கியபோது இந்தக் கணக்கு முழுக்க இடம் மாறியது. ஆந்திரத்தைச் சேர்ந்த பெண்களும் திருநங்கையரும் பல்லெவெலுகு, அல்ட்ரா பல்லெவெலுகு, சிட்டி ஆர்டினரி, மெட்ரோ எக்ஸ்பிரஸ், எக்ஸ்பிரஸ் ஆகிய ஐந்து வகை வண்டிகளில் கட்டணமின்றிப் போகலாம். தமிழ்நாடு 2021 மே மாதமும், கர்நாடகம் 2023 ஜூனிலும், தெலங்கானா அதே ஆண்டு டிசம்பரிலும் செய்ததை ஆந்திரமும் செய்தது. பெண்களின் நடமாட்டத்துக்கு இது செய்யும் நன்மையை மறுக்கும் வாதங்கள் பலவற்றைப் படித்திருக்கிறோம், ஒன்றும் தேறவில்லை. இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறு கேள்வி: முதியோர் சலுகைக்கு என்ன ஆயிற்று? சாதாரண வண்டிகளில் அது முதிய ஆண்களின் சலுகையாகச் சுருங்கிவிட்டது. அறுபத்தெட்டு வயதுக் கணவர் முக்கால் கட்டணம் தருகிறார், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி பூஜ்ய டிக்கெட்டில் வருகிறார். இருவரும் ஒரே ஆஸ்பத்திரிக்கு, ஒரே நோய்க்கு, ஒரே ஓய்வூதியத்தை நம்பிப் போகிறவர்கள். இதைப் பாலினப் பொறாமையின் கண்ணால் பார்க்க வேண்டாம். சலுகையின் அடிப்படை இயலாமை என்றால் கணவருக்கும் அதே நியாயம் பொருந்தும். அடிப்படை வறுமை என்றாலும் பொருந்தும். புதிய திட்டம் வந்த அன்றே பழைய திட்டத்தை எடுத்து மறுபடி எழுதியிருக்க வேண்டும். அப்படியே விட்டதால், இரண்டு திட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளாமல் ஒரே டிக்கெட் மெஷினில் குடியிருக்கின்றன.

எல்லை இதைவிடக் கூர்மையான சிக்கல். ஸ்த்ரீ சக்தி மாநிலங்களுக்கிடையே ஓடும் வண்டிகளில் செல்லாது. விஜயவாடாவில் உட்கார்ந்து எழுதும்போது இது சிறிய விதிவிலக்காகத் தெரிந்திருக்கும். சித்தூர்க்காரருக்கு வேலூர் சிஎம்சி, நகரிக்காரருக்குத் திருத்தணி, சத்தியவேட்டுக்காரருக்கு ஊத்துக்கோட்டை — இந்தப் பக்கத்தில் பல குடும்பங்களுக்கு அவசரத்துக்குப் போகிற ஊர் அடுத்த மாநிலத்தில்தான் இருக்கிறது. திருப்பதிக்குச் சாமி கும்பிடப் போனால் இலவசம், வேலூருக்கு டயாலிசிஸ் செய்துகொள்ளப் போனால் கட்டணம் என்று ஒரு மூதாட்டிக்கு விளக்கிச் சொல்ல என்னால் முடியாது. குடிபாலா வரை உள்ளூர் வண்டியில் போய் இறங்கி, மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு வண்டி பிடிக்க எழுபது வயது உடம்பு ஒப்பாது. தமிழகம் தன் சாதாரண நகரப் பேருந்துகளில் எந்த ஊர்ப் பெண் என்று கேட்பதில்லை, முதியோர் டோக்கனுக்கு மட்டும் முகவரி கேட்கிறது. ஆந்திரம் முதியவரிடம் முகவரி கேட்பதில்லை, பெண்ணிடம் கேட்கிறது. ஒன்றின் தாராளம் மற்றதன் கஞ்சத்தனத்தோடு இத்தனை துல்லியமாகக் குறுக்காக அமைந்ததைப் பார்த்தால், இரண்டு அரசுகளிலும் யாரும் எதிர்ப்பக்கத்துத் திட்டத்தைப் படித்திருக்கவில்லை என்றே தோன்றுகிறது.

இதற்கு வழி இல்லாமலில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 88ஆவது பிரிவின்கீழ் மாநிலங்கள் ஒப்பந்தம் போட்டு, எந்தத் தடத்தில் யாருடைய வண்டி எத்தனை ஓடலாம் என்று பங்கிட்டுக்கொள்கின்றன. பர்மிட்டும் கிலோமீட்டரும் பேசுகிற அதே மேசையில் சலுகையைப் பற்றியும் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். தேவை ஒரு கையெழுத்துத்தான்.

திருமலை மலைப்பாதையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஸ்த்ரீ சக்தி தொடங்கியபோது மலைக்குப் போகும் சப்தகிரி பேருந்துகள் விலக்கப்பட்டன. நாள்தோறும் பல்லாயிரம் பேர் ஏறும் தடத்தில் கழகத்தின் வருவாயைக் காக்கும் நோக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே. கோயில் நகரத்தில் வயது என்பதே ஒரு நிலையான எண்ணாக இல்லை என்பதுதான் வேடிக்கை. அறுபதில் ஆர்டிசிக்கு மூத்தவராகிறவர், தேவஸ்தானத்தின் முதியோர் தரிசனத்துக்கு அறுபத்தைந்து வரை காத்திருக்க வேண்டும். ரயில்வேயில் பெண்ணுக்கு ஐம்பத்தெட்டில் சலுகை இருந்தது. கீழ் பெர்த் ஒதுக்கீட்டுக்கோ நாற்பத்தைந்தே போதும். 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் அறுபது என்று வரையறுத்த பின்னும் ஆளுக்கொரு கணக்கு.

ரயில்வேயை விரிவாகவே பார்க்க வேண்டும். முறைமையின் வீழ்ச்சி அங்கேதான் முழுமையாக இருக்கிறது. அறுபது தாண்டிய ஆணுக்கு 40 விழுக்காடும் ஐம்பத்தெட்டு தாண்டிய பெண்ணுக்கு 50 விழுக்காடும் அடிப்படைக் கட்டணத்தில் குறைந்தன. சென்னை சென்ட்ரலிலிருந்து திருப்பதிக்கு வரும் சப்தகிரி எக்ஸ்பிரஸின் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்து வந்த தலைமுறைக்கு இது பழகிய ஒன்று. 2020 மார்ச் 20 முதல் நிறுத்தப்பட்டது. காரணம், முதியோர் தேவையின்றிப் பயணம் செய்து நோய் வாங்கிக்கொள்ளக்கூடாது என்பது. அந்த நாளில் அது நியாயமான காரணம். தொற்று தணிந்தபின் சலுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, காரணம் மட்டும் மாறியது. எல்லாப் பயணிகளுக்கும் சராசரியாக 46 விழுக்காடு மானியம் ஏற்கெனவே தருகிறோம், 2022–23இல் அது 56,993 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. எண் பெரியது. கேட்ட கேள்விக்கு அது பதிலாகுமா? இருபத்தைந்து வயது மென்பொருள் ஊழியருக்கும் கிடைக்கிற சராசரியைக் காட்டி, எழுபது வயதுக்காரருக்குத் தனியாக இருந்த ஒன்றை எடுத்ததை நியாயப்படுத்த இயலாது. உடல்நலத்தைக் காரணம் காட்டி நிறுத்தியதை வருவாயைக் காரணம் காட்டித் தொடர்வது உள்ளிணக்கமற்ற வாதம்.

பழைய ரயில்வே சலுகையைப் பொற்காலமாக்கவும் நான் தயாரில்லை. அதன் கட்டமைப்பில் ஆழமான பிழை இருந்தது. முதல் வகுப்பு ஏசியில் போகிற ஓய்வுபெற்ற அதிகாரிக்கும் அதே 40 விழுக்காடு கிடைத்ததால், சீட்டின் விலை ஏற ஏறத் தள்ளுபடித் தொகையும் ஏறியது. முன்பதிவற்ற பெட்டியில் கம்பியைப் பிடித்து நின்றவருக்குச் சில ரூபாய், ஏசிக்காரருக்குச் சில நூறு. விரும்பினால் விட்டுக்கொடுங்கள் என்று ரயில்வே முதியவர்களிடம் கேட்டுப் பார்த்தது. கொள்கையில் இருந்த பிழையைப் பயனாளியின் மனசாட்சியிடம் ஒப்படைத்த ஏற்பாடு அது. சரியான திருத்தத்தை ராதா மோகன் சிங் தலைமையிலான நாடாளுமன்ற நிலைக்குழு 2022இல் சொல்லிவிட்டது: ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் மட்டுமாவது திரும்பக் கொடுங்கள். செலவைக் கட்டுக்குள் வைத்து, தேவை உள்ள இடத்தில் நிறுத்தும் பரிந்துரை. இந்த விவகாரத்தில் நான் படித்தவற்றுள் முதிர்ச்சியான ஆவணம் அதுவே. அதையும் கிடப்பில் போட்டார்கள். சலுகையைத் திரும்பக் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போன மனு, இது அரசின் கொள்கை முடிவு என்ற காரணத்தால் 2023இல் தள்ளுபடியானது.

நீதிமன்றத்தின் கைகள் ஏன் கட்டப்பட்டிருந்தன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம் முதியோர் சலுகை எந்தச் சட்டத்திலும் வேர் பிடிக்கவில்லை. 2007ஆம் ஆண்டின் சட்டம் ஜீவனாம்சம், முதியோர் இல்லம், மருத்துவம் ஆகியவற்றைப் பேசுகிறது, பயணத்தைப் பேசவில்லை. அமெரிக்காவில் கூட்டாட்சி நிதி வாங்கும் போக்குவரத்து அமைப்புகள், நெரிசலற்ற நேரத்தில் முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் பாதிக் கட்டணத்துக்குமேல் வாங்கக்கூடாது என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. இங்கிலாந்து 2007இல் சட்டம் இயற்றி, 2008 ஏப்ரல் முதல் வாரநாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகு நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்தில் அவர்களுக்கு இலவசம் என்றது. அந்த நேரக் கட்டுப்பாடு எரிச்சலூட்டுவது, நாம் நகலெடுக்கத் தேவையில்லாதது. ஆனால் அங்கே இதை ஒரு சுற்றறிக்கையால் நிறுத்த முடியாது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் நமக்குச் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டமும்கூட. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, கட்டுப்படியாகும் செலவில் அவர்களின் நடமாட்டத்தை வளர்க்கும் திட்டங்களை அரசு வகுக்க வேண்டும் என்கிறது. சலுகைகள், வாகனங்களைத் தகவமைத்தல், தனிநபர் உதவி என்ற மூன்றையும் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து வைக்கிறது. சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெளிவு இருந்தது. நடைமுறைப்படுத்தியவர்கள் மூன்றில் மலிவானதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டை அப்படியே விட்டுவிட்டார்கள்.

ரயில்வேயின் ஊனமுற்றோர் சலுகை கொரோனாவிலும் நிற்கவில்லை என்பது அதன் சிறப்பு. ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 விழுக்காடு வரை குறைகிறது. துணைக்கு வருகிறவருக்கும் அதே சலுகை. துணையாளைக் கணக்கில் எடுத்த இடத்தில் ரயில்வே, வாழ்க்கையை அறிந்த நிர்வாகமாகத் தெரிகிறது. வகைப்படுத்தும் இடத்தில் அந்த அறிவு கைவிட்டுப் போகிறது. சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. ரயில்வேயோ நான்கு வகைகளில் நிற்கிறது. ஹீமோபிலியா, தலசீமியா போன்ற சில, நோயாளிகளுக்கான தனிப் பட்டியலில் இடம்பெறுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். அப்படியும் பார்வை அறவே இல்லாதவருக்கு உண்டு, மங்கலான பார்வை உள்ளவருக்கு இல்லை. கைகால் இயக்கக் குறைபாடு உள்ளவர், துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவராக இருக்க வேண்டும். காலிப்பர் போட்டுத் தனியாக நடக்கப் பழகிக்கொண்டவர், பழகிக்கொண்ட காரணத்தாலேயே தகுதி இழக்கிறார். சுயசார்பு என்று மேடைதோறும் முழங்கும் நாட்டில் இப்படியொரு விதி இன்னும் இருப்பது வெட்கக்கேடு.

ஆந்திரத்தில் எல்லாவற்றுக்கும் வாசல், ஊனத்தின் அளவைக் குறிக்கும் சதரம் சான்றிதழ். கிராம, வார்டு சச்சிவாலயத்தில் ஸ்லாட் போட்டு, அரசு ஆஸ்பத்திரியில் முகாம் நாளன்று போய் நின்று, விழுக்காடு எழுதி வாங்க வேண்டும். ஒரே மென்பொருளில் மதிப்பிட்டுப் பதிவு செய்யும் இந்த முறை, டாக்டருக்கு டாக்டர் மாறுபட்ட பழைய சான்றுகளைவிடச் சீரானது. ரயிலுக்கு இது மட்டும் போதாது, ரயில்வேயின் தனி அடையாள அட்டை வேண்டும். அதை வழங்குவது கோட்ட அலுவலகம். சித்தூருக்கும் திருப்பதிக்கும் கோட்டம் குண்டக்கல். இப்போது இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் அரசே ஒருமுறை அளந்து முத்திரை குத்திய உடம்பை, அரசின் இன்னொரு துறை நம்ப மறுப்பதற்குக் காரணம் சொல்ல முடியாது.

எல்லாத் தாள்களும் கையில் இருக்கிறவர் பல்லெவெலுகு வண்டிக்கு முன்னால் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் படி முழங்கால் உயரம். ஊன்றுகோலை முதலில் உள்ளே போடுகிறார். இரண்டு கைகளாலும் கம்பியைப் பற்றி உடம்பை மேலே இழுக்கிறார். காலிப்பர் போட்ட கால் படியின் விளிம்பில் தட்டுகிறது. பின்னாலிருந்து யாரோ இடுப்பில் கைகொடுத்துத் தள்ளுகிறார், கேட்காமலேயே. உள்ளே, ஊனமுற்றோருக்கு என்று எழுதிய இருக்கையில் ஆள் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் பிளாஸ்டிக் உறையிலிருந்து அட்டையை உருவி நீட்ட வேண்டும். சக்கர நாற்காலிக்காரர் இந்தக் காட்சிக்குள் வரவே இல்லை. அவருக்கு நூறு விழுக்காடு சலுகை தந்தாலும் அது ஏணி இல்லாத பரணில் வைத்த பலகாரம். அவர் ஆட்டோ பிடித்து முழு வாடகை கொடுக்கிறார். அந்தச் செலவு எந்தச் சலுகைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

தாழ்தளப் பேருந்து நமக்கு எட்டாத தொழில்நுட்பம் என்ற சாக்கு 2024 ஆகஸ்டோடு போய்விட்டது. அந்த மாதம் சென்னையில், நிறுத்தத்தில் பக்கவாட்டில் சாய்ந்து, சாய்தளம் விரிக்கும் தாழ்தள வண்டிகள் ஓடத் தொடங்கின. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு வந்தவை அவை.

2025 டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தன்று, அவர்களுக்கு ஆர்டிசியில் இலவசப் பயணம் தருவதாக முதல்வர் சந்திரபாபு நாயுடு அறிவித்தார். அதுவரை இருந்த பாதிக் கட்டணம் முழு இலவசமாவது முன்னேற்றம்தான். ஊனமுற்ற பெண்கள் ஆகஸ்டிலேயே சாதாரண வண்டிகளில் இலவசம் பெற்றுவிட்டதால், இதன் நிகர லாபம் பெரும்பாலும் ஆண்களுக்கு. அதிலும் தவறில்லை, ஆகஸ்டில் விட்ட இடைவெளியில் ஒரு பகுதியாவது அடைகிறது.

இப்போது தீர்ப்புக்கு வரலாம். ஆர்டிசியின் முதியோர் சலுகை கருத்தில் முதல் தரம், தொகையில் மூன்றாம் தரம், உறுதிப்பாட்டில் சந்தேகத்துக்குரியது. ஸ்த்ரீ சக்தி தொகையில் முதல் தரம். எல்லை மாவட்டங்களை நினைக்காமல் வரைந்த குறை அதைக் கீழே இழுக்கிறது. ரயில்வே மூத்த குடிமக்களிடம் நடந்துகொண்ட விதம் எந்த அளவுகோலிலும் தேறாது. ஊனமுற்றோரிடம் பாதி தேறும். மொத்தத்தில், சீட்டு விலைக் கொள்கையாக இவற்றுள் பெரும்பாலானவை ஒப்பேறும். போக்குவரத்துக் கொள்கையாக எடுத்தால் ஒன்றுகூடத் தேர்ச்சி பெறவில்லை. வண்டியின் படிக்கட்டை இவற்றில் எதுவும் தொடவில்லை. டிசம்பர் அறிவிப்பின் ஆணையைக் கையில் எடுக்கும்போது நான்கு இடங்களைத் தேடிப் படிப்பேன்: துணையாளுக்கு இடம் உண்டா, ஐந்து வகை வண்டிகளுக்கு அப்பாலும் செல்லுமா, சித்தூர்–வேலூர் தடம் அதில் அடக்கமா, இனி வாங்கும் பேருந்துகளின் தரை எத்தனை மில்லிமீட்டர் உயரம்.